முந்திரிக்கொட்டை சுடும் சாயங்காலம்: சட்டியை எப்போது கவிழ்ப்பது?

20.04.2024, இரவு 9.40

கேள்வி: ஊரிலிருந்து 2 கிலோ முந்திரிக்கொட்டை, ஓடு உடைக்காமல் அப்படியே வந்திருக்கிறது. சின்ன வயதில் பெரிய லீவுக்குப் பாட்டி வீட்டுக்குப் போனால், சாயங்காலம் கொல்லையில் நெருப்பு மூட்டி எல்லோரும் சுற்றி உட்கார்ந்து சுட்டுத் தின்போம். என் பிள்ளைகளுக்கும் அதைக் காட்ட ஆசை. நாங்கள் இருப்பது சென்னையில், மூன்றாவது மாடி. மொட்டை மாடியில் செங்கல் கூட்டி மூட்டலாமா? இல்லை, கேஸ் அடுப்பிலேயே இரும்புச் சட்டியில் வறுக்கலாமா? பத்து நிமிடம் போதும் என்கிறார்கள். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

20.04.2024, இரவு 10.15

பதில்: கேஸ் அடுப்பில் வேண்டவே வேண்டாம். சட்டி சூடேறினால் ஓட்டிலிருந்து எண்ணெய் கசியும், கசிந்தது பற்றிக்கொள்ளும். சமையலறைக்குள் அந்தத் தீயை அணைக்க வழி கிடையாது. புகை கண்ணை எரிக்கும், சிலருக்கு மேலெல்லாம் தடிக்கும். மொட்டை மாடியும் வேண்டாம். பக்கத்து மாடியில் துணி காயும், தண்ணீர்த் தொட்டி பிளாஸ்டிக்கில் இருக்கும். இப்போதைக்குக் கொட்டையை வெயிலில் போடுங்கள். மற்றதை நாளைக்கு எழுதுகிறேன். எங்கள் ஊர் பண்ருட்டிக்குப் பக்கம்.

21.04.2024, காலை 6.30

எங்கள் வீட்டில் இதற்கென்றே ஒரு சட்டி உண்டு. பழைய எண்ணெய் டின்னை வெட்டி விரித்து, நாலு ஓரமும் மடித்து, அடியில் ஆணி அடித்து முப்பது நாற்பது ஓட்டை போட்டது. அதற்கு முன்னால் வாய் உடைந்த மண்பானையின் அடிப்பாகம் இருந்ததாம், நான் பார்த்ததில்லை. மூன்று செங்கல் கூட்டி அதன்மேல் சட்டி. கீழே முந்திரிச் சருகும் சுள்ளியும். சருகு சடசடவென்று எரியும், ஆனால் நின்று எரியாது. அதனால் ரெண்டு தென்னை மட்டையும் கைவசம் வேண்டும்.

ஒரு தடவைக்கு மூன்று கை கொட்டை. அதற்குமேல் போட்டால் அடியில் கிடப்பது கரியாகும், மேலே கிடப்பது வேகாது. ஆள் நீளக் கழியால் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். முதலில் கொட்டை வியர்க்கும். பிறகு சீறும். எண்ணெய் ஓட்டை வழியாகச் சொட்டச் சொட்டக் கீழே நெருப்பு எகிறி, சட்டியில் கிடக்கும் கொட்டையையும் பிடித்துக்கொள்ளும். கறுப்புப் புகை பலாமரத்து உச்சிவரை போகும். அந்த நேரத்தில் கழியாலேயே சட்டியைக் கவிழ்த்து, மண்ணை வாரிப் போட்டு அணைக்க வேண்டும். மண் இல்லாவிட்டால் தண்ணீர் தெளிக்கலாம். ஆறியதும் கையில் சாம்பலைப் பூசிக்கொண்டு, கொட்டையைக் கல்மேல் நிறுத்தி விளிம்பில் ஒரு தட்டு. ஓடு பிளந்துகொள்ளும்.

இதெல்லாம் சாயங்காலம் ஐந்தரை, ஆறுக்குத்தான். கடலூர்க் கடல் எங்களுக்குச் சுமார் 25 கிலோமீட்டர். பகலெல்லாம் அனல் அடித்தாலும் அந்த நேரத்துக்குக் கிழக்கிலிருந்து கடல்காற்று வந்துவிடும். காற்று வந்த பிறகுதான் தீக்குச்சி கிழிப்பார்கள். பிள்ளைகள் எல்லோரும் நெருப்புக்குக் கிழக்கே, கயிற்றுக் கட்டிலில். புகை மேற்கே வேலியைத் தாண்டிக் காலி மனைக்குப் போய்விடும். காற்று மாறினால் கட்டிலைத் தூக்கிக்கொண்டு ஆளுக்கொரு கால் பிடித்து ஓடுவோம். அதுவே ஒரு விளையாட்டு.

கொட்டையை ரெண்டு நாள் வெயிலில் காயவைத்தால் போதும்.

21.04.2024, காலை 6.50

ஒன்று விட்டுவிட்டேன். நீங்கள் "கொல்லை" என்று எழுதியதைப் பார்த்ததும், தஞ்சாவூர்ப் பக்கத்துப் பாட்டியோ என்று தோன்றியது. எங்களுக்குக் கொல்லை என்றால் ஊருக்கு வெளியே இருக்கும் புன்செய் நிலம். முந்திரிக் கொல்லை, மல்லாட்டைக் (வேர்க்கடலை) கொல்லை. வீட்டுக்குப் பின்னால் இருப்பது தோட்டம். "தோட்டத்துப் பக்கம் நெருப்புப் போட்டிருக்காங்க" என்றால் வீட்டுக்குப் பின்னால். "கொல்லையில நெருப்பு" என்று யாராவது எங்கள் ஊரில் கத்தினால் ஊரே குடத்தோடு ஓடும். மே மாதத்தில் முந்திரிச் சருகு அப்படிக் காய்ந்து கிடக்கும்.

24.04.2024, இரவு 8.20

அத்தையிடம் போனில் கேட்டேன். நான் எழுதியதில் ரெண்டு தப்பு.

ஒன்று, நாள் கணக்கு. "ரெண்டு நாள், மூணு நாள்னு என்னடி கணக்கு? ஒரு கையளவு எடுத்துக் குலுக்கிப் பாரு. கலகலன்னு கேட்டா காஞ்சிருக்கு" என்றது. வெயிலைப் பொறுத்து ரெண்டு நாளும் ஆகும், நாலு நாளும் ஆகும்.

இரண்டாவது, தண்ணீர். தண்ணீர் தெளிக்கவே கூடாதாம். ஒரு வருடம் அவசரத்தில் அப்பா ஒரு சொம்பு தண்ணீரை ஊற்றிவிட்டார். எரிகிற எண்ணெய் தெறித்து அவர் முழங்கையில் காசளவு புண் ஆனது, பருப்பும் நமத்துப் போனது. அந்தத் தழும்பைச் சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன், அதன் கதை இதுதான் என்று இன்றைக்குத்தான் தெரியும். யாராவது 21ஆம் தேதிக் குறிப்பைப் படித்துவிட்டுத் தண்ணீர்க் குடத்தோடு நிற்கிறீர்கள் என்றால், தயவுசெய்து அதை வேறு வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். மண் மட்டும்தான். முன்கூட்டியே ரெண்டு கூடை குவித்து வைத்திருக்க வேண்டும்.

28.04.2024, மதியம் 3.10

பத்து நிமிடக் கணக்கு எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது. எங்கள் வீட்டில் யாரும் கடிகாரம் பார்த்ததில்லை. ஆயா, அதாவது அப்பாவின் அம்மா, "கவுத்து" என்று சொல்லும், கழி பிடித்தவர் கவிழ்ப்பார். அவ்வளவுதான்.

ஆயா நெருப்புப் பக்கம் திரும்பியே உட்காராது. முதுகை அந்தப் பக்கம் காட்டிக்கொண்டு, முறத்தில் மறுநாளைக்குப் பருப்போ உளுந்தோ கல் பொறுக்கும். நாங்கள் தட்டித் தட்டிப் போடும் பருப்பில் எது சொத்தை என்றும் பார்க்கும். பேச்சும் நிற்காது. திருவதிகைக் கதை பாதி அங்கேதான் கேட்டேன். சிவன் வீரம் காட்டிய எட்டு இடங்களை அட்ட வீரட்டானம் என்பார்கள், அதில் எங்கள் பக்கத்துக் கோயில் அது. திரிபுரத்தைச் சிவன் எரித்த இடம். "வில்லும் அம்பும் எல்லாம் தயாரா இருந்துச்சு, ஆனா சாமி சும்மா சிரிச்சாரு, அதுலயே மூணு கோட்டையும் பஸ்பம்" என்று சொல்லிக்கொண்டே இருக்கும்போது நடுவில், குரல் மாறாமல், "கவுத்து" என்று வரும். சாமி கவுத்தாரா என்று நான் ஒருமுறை கேட்டதை வீட்டில் இன்னும் சொல்லிக் காட்டுவார்கள்.

ஆக, ஆயா பார்த்துச் சொல்லவில்லை. கடைசி அஞ்சாறு வருடம் ரெண்டு கண்ணிலும் புரை. அப்போதும் தப்பியதில்லை. அப்படியென்றால் வாசனையா, சத்தமா?

29.04.2024, காலை 7.00

அத்தை வாசனை என்கிறது. அப்பா, "அதெல்லாம் ஒண்ணுமில்ல, அம்மா மனசுக்குள்ள எண்ணும்" என்கிறார். எண்ணிக்கொண்டே கதை சொல்ல முடியுமா? எனக்கு ரெண்டிலும் நம்பிக்கை வரவில்லை.

01.05.2024, இரவு 10.05

ஒருவர், "முந்திரியில் அப்படி என்ன விஷம், கடையில் வாங்கித் தின்கிறோமே" என்று கேட்டிருக்கிறார். பருப்பில் இல்லை. ஓடு ரெண்டு அடுக்கு, நடுவில் தேன்கூடு மாதிரி கண்ணறைகள், அதற்குள் எண்ணெய். அதில் இருப்பவை அனகார்டிக் அமிலமும் கார்டாலும். இவைதான் தோலை வேக வைக்கின்றன. சூடாக்கும்போது அனகார்டிக் அமிலம் கரியமில வாயுவை விட்டுவிட்டுக் கார்டனாலாக மாறுகிறது. இந்த எண்ணெய்க்கு நல்ல விலை உண்டு. வண்டிகளின் பிரேக் பட்டையிலும் பெயிண்டிலும் சேர்க்கிறார்கள். நாங்கள் ஒவ்வொரு மே மாதமும் அதைச் சட்டி ஓட்டை வழியாக நெருப்புக்கு ஊட்டியிருக்கிறோம்.

மா, முந்திரி, சேராங்கொட்டை மூன்றும் ஒரே குடும்பத்து மரங்கள். மாங்காய்ப் பால் பட்டு உதட்டோரம் புண்ணாகிறதே, அதன் பெரியண்ணன் முந்திரி. சேராங்கொட்டை அதற்கும் மேலே. சலவைக்குப் போட்ட துணியில் குறி வைக்க அதன் சாற்றைத்தான் தொட்டார்கள், எத்தனை தடவை வெளுத்தாலும் போகாது.

என் தம்பிக்கு ஏழு வயதில் பொறுமை கிடையாது. கல் கிடைக்கிறவரை காத்திருக்காமல், பாதி சுட்ட கொட்டையைக் கடைவாயில் வைத்துக் கடித்தான். மறுநாள் உதடு ரெண்டும் வீங்கி, மூன்றாம் நாள் தோல் உரிந்து, பள்ளிக்கூடம் திறக்கும்போது வாயைச் சுற்றிக் கறுப்புப் பொருக்கு. முதல் நாள் வகுப்பில் அப்படி நாலைந்து பையன்கள் இருந்ததாகச் சொன்னான். எங்கள் பக்கம் ஜூன் மாத அடையாளம் அது.

எண்ணெய் பட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அந்தக் கையால் கண்ணைத் தொடவே கூடாது. கண்ணில் பட்டுவிட்டால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். உடைக்க உட்காருமுன் தேங்காய் எண்ணெய் பூசிக்கொள்வது நல்லது. மாங்காய்ப் பால் ஒத்துக்கொள்ளாத பிள்ளை என்றால் பக்கத்தில் விடாதீர்கள்.

05.05.2024, காலை 11.30

நேற்றே கத்திரி பிறந்தாயிற்று. வெளியே போக முடியவில்லை, அதனால் தாத்தா கதை.

உடைத்த பருப்பைப் பங்கு போடுவது தாத்தா வேலை. ஆளுக்குச் சமமாகப் போட்டால் சண்டை முடிந்துவிடும், ஆனால் தாத்தா சும்மா கொடுக்க மாட்டார். பழைய கணக்கு கேட்பார். முந்திரி என்றால் 320இல் ஒரு பங்கு. நாலு முந்திரி ஒரு காணி, அது 80இல் ஒன்று. நாலு காணி ஒரு மா, 20இல் ஒன்று. "எத்தனை முந்திரி சேர்ந்தா ஒண்ணு?" என்பார். 320 என்று முதலில் சொன்னவனுக்கு ஒரு முழுப் பருப்பு கூடுதல். விடை எல்லோருக்கும் தெரியும், யார் முதலில் கத்துவது என்பதுதான் போட்டி. நெருப்பின் சத்தத்துக்கு மேலே பத்துப் பிள்ளைகள் "முன்னூத்தி இருபது" என்று கத்துவது தெருமுனைவரை கேட்கும்.

பல வருடம் கழித்து ஒரு முந்திரி வியாபாரியின் கடையில் அட்டைப் பெட்டிமேல் "டபிள்யூ 320" என்று பார்த்தேன். ஒரு பவுண்டு எடையில் 300 முதல் 320 வரை முழுப் பருப்பு நிற்கும் தரம் அது. டபிள்யூ 180 என்றால் ஒவ்வொரு பருப்பும் அதைவிடப் பெரிது. தற்செயலாக ஒத்துப்போன எண்தான், தெரியும். ஆனாலும் கடைக்கு நடுவில் நின்றபடி கண் கலங்கிவிட்டது. தாத்தா அதற்கு முந்தைய தையில்தான் போனார்.

உங்கள் 2 கிலோவையும் இதிலேயே கணக்குப் போடலாம். சுமார் 330 கொட்டை இருக்கும். எடையில் நாலில் ஒரு பங்குதான் பருப்பு. ஒன்றும் கருகாமல், ஒன்றும் உடையாமல் வந்தால் அரைக் கிலோ. அப்படி எந்த வீட்டிலும் வந்ததில்லை.

06.05.2024, காலை 6.15

"முந்திரிக்கொட்டை மாதிரி முந்திக்காதே" என்பதை விட்டுவிட்டீர்களே என்று ஒருவர். எங்கள் வீட்டில் அதைச் சொல்லித் திட்டினால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், அது எங்களுக்குச் சோறு போட்ட கொட்டை. உண்மையில் அது முறை தவறி முந்தவும் இல்லை. பழம் என்று நாம் தின்பது பருத்துப்போன காம்பு. கொட்டைதான் காய். முதலில் வருவது அது, காம்பு பிறகுதான் பருக்கிறது. மரத்தில் பார்த்தால் தெரியும், சின்னக் காம்பில் பெரிய பச்சைக் கொட்டை தொங்கும்.

பெயரையும் சொல்லிவிடுகிறேன். கன்னியாகுமரிப் பக்கம் கொல்லாம்பழம். யாழ்ப்பாணத்தில் மரமுந்திரிகை, ஏனென்றால் கொடிமுந்திரி என்றால் திராட்சை. மலையாளத்தில் பறங்கிமாவு என்றும் சொல்கிறார்கள், பறங்கியர் கொண்டுவந்த மா. பிரேசிலிலிருந்து 16ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் கொண்டுவந்த மரம்தானே. ஆயாவிடம் இதைச் சொன்னபோது நம்பவில்லை. "எங்க ஆயாவோட ஆயா காலத்துலயும் இருந்துச்சுடி" என்றது. அதுவும் சரிதான்.

12.05.2024, இரவு 11.40

மரங்கள் இப்போது எப்படி இருக்கின்றன என்று கேட்டவருக்கு. தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன், எழுதிவிடுகிறேன்.

2011 டிசம்பர் 30 விடியற்காலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரை ஏறியது. நான் சென்னையில் இருந்தேன். இரண்டு நாள் போன் கிடைக்கவில்லை. போய்ப் பார்த்தபோது ஊர் அடையாளம் தெரியவில்லை. எப்போதும் முந்திரி மறைத்திருந்த பக்கமெல்லாம் வானம் தெரிந்தது. எங்கள் கொல்லையில் தாத்தா வைத்த நாட்டு மரங்கள், ஒவ்வொன்றும் ஒரு வீட்டை மூடும் அளவு படர்ந்தவை, வேரோடு செம்மண் கட்டியைத் தூக்கிக்கொண்டு கிடந்தன. பலாமரங்களும் அப்படியே. அப்பா ஒரு மரத்தின் மேல் உட்கார்ந்திருந்தார். நான் போனதும் "சாப்பிட்டியா பாப்பா" என்று மட்டும் கேட்டார்.

அடுத்து வந்த கோடையில் சுடக் கொட்டை இல்லை. ஆனால் நெருப்பு இருந்தது. வெட்டி அடுக்கிய முந்திரி விறகு தோட்டம் முழுக்க. விற்றது போக அவ்வளவு மிச்சம். பிள்ளைகள் வந்திருந்தார்கள், சும்மா இருக்க முடியவில்லை, ஆயாதான் "மூட்டுங்க" என்றது. சட்டி வைக்காமல் வெறும் நெருப்பைச் சுற்றி உட்கார்ந்தோம். ஆயா அன்றைக்கு மட்டும் நெருப்பைப் பார்த்து உட்கார்ந்தது. யாரும் "கவுத்து" சொல்ல வேண்டியிருக்கவில்லை. தணலில் போட்ட பலாக்கொட்டைகூட அசலூரிலிருந்து வந்த பழத்தில் எடுத்ததுதான்.

பிறகு ஒட்டுக் கன்று வைத்தார்கள். விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையத்து வி.ஆர்.ஐ. 3 ரகம். மூன்றாம் வருடமே காய்த்தது, கொட்டையும் பெரிசு. அப்பா இன்னும் அதை "புதுக் கன்னு" என்றுதான் சொல்கிறார். ஆயா 2014இல் போனது. புது மரத்துக் கொட்டையை ஒரே ஒரு கோடை சுட்டுப் பார்த்தது. "எண்ணெய் பத்தல" என்றது.

13.05.2024, காலை 5.50

தூக்கம் வராமல் மேலே எழுதியதைத் திரும்பப் படித்தேன். அதில் "எண்ணெய் பத்தல" என்ற இடத்தில் நின்றுவிட்டேன். எண்ணெய் குறைவு என்று ஆயாவுக்கு எப்படித் தெரிந்தது? உடைக்கவில்லை, தொடவில்லை, கண்ணும் இல்லை. சீறல்தான் குறைந்திருக்கும். அப்படியானால் சத்தம்தான். அத்தையிடம் சொல்ல வேண்டும்.

15.05.2024, இரவு 9.15

அத்தை ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் பேச்சு வேறு பக்கம் போனது, அதையும் எழுத வேண்டும்.

"உங்களுக்கெல்லாம் அது விளையாட்டு. எனக்கு அந்த நாத்தம் வந்தாலே கை எரியற மாதிரி இருக்கும்" என்றது. அத்தை பதினாலு வயதிலிருந்து கல்யாணம்வரை கொட்டை உடைக்கப் போனது. எங்கள் பக்கத்து ஊர்களில் வீட்டுக்கு வீடு, கொட்டகைக்குக் கொட்டகை இந்த வேலை உண்டு, பெரும்பாலும் பெண்கள். சுட்ட கொட்டையை நாள் முழுக்கச் சுத்தியலால் தட்டி எடுப்பது. சாம்பல் பூசினாலும் விரல் கறுத்துவிடும். "கல்யாணத்தன்னிக்கு மருதாணி வச்சாங்க. செவக்கவே இல்ல. கறுப்பு மேல கறுப்பாதான் இருந்துச்சு." இன்றும் ரேஷன் கடை மெஷினில் அத்தையின் கைரேகை ஒரு தடவையில் விழாது.

இப்போது பெரும்பாலும் ஆவியில் அவித்து, கை மெஷினில் வெட்டுகிறார்கள். உள்ளூர் விளைச்சல் போதாமல் ஐவரி கோஸ்ட், பெனின் என்று ஆப்பிரிக்காவிலிருந்தெல்லாம் கொட்டை தூத்துக்குடித் துறைமுகம் வழியாக வருகிறது. புகை குறைந்திருக்கிறது, எண்ணெய் அதே எண்ணெய்தான்.

பத்துப் பிள்ளைகள் கட்டிலில் உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்தபோது அத்தை எங்கே உட்கார்ந்திருந்தது என்று நினைத்துப் பார்த்தேன். கல்லுக்குப் பக்கத்தில். எங்களுக்கு உடைத்துக் கொடுத்துக்கொண்டு. நான் எழுதிய எந்தக் குறிப்பிலும் அது வரவில்லை. "நாங்கள் தட்டித் தட்டிப் போடும் பருப்பு" என்று 28ஆம் தேதி எழுதியிருக்கிறேன். நாங்கள் தட்டியது பத்தில் ஒன்று இருக்கும். மிச்சமெல்லாம் அத்தை.

19.05.2024, மாலை 6.00

ஊருக்கு வந்துவிட்டோம். மழை. காயப்போட்ட கொட்டையை மூன்று தடவை உள்ளே அள்ளி, மூன்று தடவை வெளியே கொட்டியாயிற்று. குலுக்கினால் சத்தம் வரவில்லை. என் மகன் மணிக்கொரு தடவை குலுக்குகிறான்.

அதுவரை பலாக்கொட்டை. இதை நீங்கள் சென்னையிலும் செய்யலாம், ஓட்டில் எண்ணெய் இல்லை, கரி அடுப்பின் தணலே போதும். வெள்ளைத் தோலை எடுத்துவிட்டு, கத்தியால் ஒரு கீறல் போட்டு, சூடான சாம்பலில் புதைத்து விடுங்கள். கீறாமல் போட்டால் வெடித்துச் சாம்பலை முகத்தில் அடிக்கும். உப்பு வேண்டாம், அப்படியே நன்றாக இருக்கும். மழை விட்ட ஒரு மணி நேரத்தில் எரவாணத்துக்குக் கீழே உட்கார்ந்து நாற்பது கொட்டை தீர்த்தோம்.

26.05.2024, இரவு 11.20

இன்றைக்குச் சுட்டோம்.

அப்பா சட்டியைத் தேடி எடுத்தார், துரு தட்டினார். மண் ரெண்டு கூடை. கடல்காற்று ஆறு மணிக்கு மேல்தான் வந்தது. கழியை இந்த வருடம் நான் வாங்கிக்கொண்டேன். அத்தையைக் கல்லுக்குப் பக்கத்தில் உட்கார விடவில்லை, கட்டிலில் பிள்ளைகளோடு உட்காரச் சொன்னேன். "அங்க என்னடி எனக்கு வேல" என்றது, ஆனால் உட்கார்ந்தது.

முதல் ஈடு கரி. நெருப்பைப் பார்த்து மலைத்து நின்றுவிட்டேன். ஒருவேளை எல்லாம் இன்னும் வேகவில்லையோ என்று ரெண்டு கிண்டு கூடுதலாகக் கிண்டியதில் போனது. உடைத்தால் கறுப்புத் தூள்.

இரண்டாவது ஈட்டில் பயந்து சீக்கிரமே கவிழ்த்தேன். ஓடு ஈரமாகப் பிசுபிசுத்தது, கல்லில் தட்டினால் நசுங்கியது, பிளக்கவில்லை. அந்த எண்ணெய் என் மணிக்கட்டில் பட்டு இப்போது சிவந்திருக்கிறது. சோப்புப் போட்டுக் கழுவினேன்.

மூன்றாவதற்கு முன்னால் அப்பா ஒரு நாற்காலி கொண்டுவந்து நெருப்புக்கு முதுகு காட்டிப் போட்டார். அதில் என்னை உட்காரச் சொல்லிவிட்டு அவர் கழியை எடுத்துக்கொண்டார். "அம்மா மாதிரி கேளு" என்றார். பிள்ளைகளை அமைதியாக இருக்கச் சொல்லவில்லை. அதுகள் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தன.

முதலில் பொட்டுப் பொட்டாகச் சொட்டும் சத்தம். பிறகு ஒன்றிரண்டு சீறல், குக்கர் வெயிட் தூக்கும் முன்னால் வருமே அதுபோல. பிறகு எல்லாம் சேர்ந்து ஒரே இரைச்சல். முதுகில் சூடு தாங்கவில்லை. அந்த இரைச்சல் கொஞ்ச நேரம் ஒரே சீராக நிற்கிறது. அப்புறம் அதில் ஓட்டை விழுகிறது. இங்கே ஒன்று அடங்குகிறது, அங்கே ஒன்று அடங்குகிறது. முழுக்க அடங்கிவிட்டால் கரி என்று முதல் ஈட்டில் பார்த்தாயிற்று. நான் வாயைத் திறப்பதற்குள் கட்டிலிலிருந்து அத்தை "கவுத்து" என்றது.

கண்ணைச் சாக்குக்குக்கூட நெருப்புப் பக்கம் திருப்பவில்லை. என் மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தது.

நாலாவது ஈட்டுக்கு நானும் அத்தையும் ஒரே நேரத்தில் சொன்னோம். ஐந்தாவதற்கு நான் மட்டும். வாசனை என்றாயே அத்தை என்று கேட்டேன். "எதுவோ. கை தன்னால நிக்குது" என்றது.

கடைசி மூன்று ஈட்டிலும் ஐந்துக்கு நாலு முழுப் பருப்பு. அதில் கொஞ்சம் பழுப்பேறியிருக்கும், கடைக்காரர் கணக்கில் அது வெள்ளைத் தரம் ஆகாது, இரண்டாந்தரம். அந்தக் கருகல் வாசனை கடைப் பருப்பில் எந்தத் தரத்திலும் கிடையாது. நான் உடைத்தேன், தம்பி உடைத்தான், பிள்ளைகளில் பெரியவர்கள் ரெண்டு பேர் எண்ணெய் பூசிக்கொண்டு உடைத்தார்கள். முதல் கை நிறைய அத்தைக்கு.

27.05.2024, காலை 7.10

முதலில் கேட்டவருக்கு: உங்கள் 2 கிலோவைக் குலுக்கிப் பார்த்துக் கலகலத்தால் கோணியில் கட்டி, தரையில் படாமல் பலகைமேல் வையுங்கள். நன்றாகக் காய்ந்த கொட்டை அடுத்த கோடைவரை தாங்கும். அதற்குள் தோட்டமும் மண்ணும் மேற்கே காலி இடமும் உள்ள ஒரு சொந்தக்காரர் வீட்டைப் பிடித்துவிடுங்கள். சட்டிக்கு ஆணி ஓட்டை அடிக்கும்போது உள்ளிருந்து வெளியே அடியுங்கள், பிசிறு கீழ்ப்பக்கம் போகட்டும், கழி மாட்டாது.

காலையில் தோட்டம் பெருக்கும்போது, மண் போட்டு மூடிய இடத்தில் ஏழு கொட்டை கிடைத்தன. இரவு யார் கண்ணிலும் படாதவை. மகன் எண்ணிவிட்டு 320க்கு இன்னும் எத்தனை வேண்டும் என்று என் அப்பாவிடம் கேட்டான். அப்பா கணக்குச் சொல்லவில்லை. பல் துலக்கும் முன்னாலேயே ஒன்றை உடைத்து வாயில் போட்டுக்கொண்டார்.